கவிஞர் தனியே நடக்கவில்லை

ஆங்கிலக் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்ப் பாட்டைப் பள்ளியில் நெட்டுருச் செய்தவர்களுள் நானும் ஒருவன். பாட்டில் உள்ளபடி, அவர் தனியே திரிந்து அம்மலர்களைக் கண்டதாகவே நெடுங்காலம் நம்பியிருந்தேன். அவருடைய தங்கை டாரதியின் நாட்குறிப்பைப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே நடந்தனர். காற்றில் மலர்கள் கூத்தாடியதையும், களைத்த சில மலர்கள் பாசி படர்ந்த கற்களின்மீது தலை சாய்த்திருந்ததையும் டாரதி எழுதிவைத்தார். அண்ணனின் பாட்டு அச்சேறியதோ 1807இல். அதில் அகக்கண்ணைப் பற்றிய இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை. அவையே சிறந்த அடிகள் என்று கவிஞரே ஒப்புக்கொண்டார்.

அதே 1802 ஆகஸ்டில், பிரான்சின் கலே துறைமுகத்துக்கு அண்ணனுடன் டாரதியும் சென்றார். முன்னாள் காதலி அனெத் வல்லோனையும், 1792இல் பிறந்த மகள் கரோலினையும் கவிஞர் அங்கே சந்தித்தார். அக்டோபர் 4ஆம் நாள் மேரியை மணந்தார். டாரதியோ தேவாலயம் செல்ல மனம் தாளாமல் வீட்டிலேயே படுத்திருந்தார். பின்னர் அத்தம்பதியருடனேயே வாழ்ந்து, 1855இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் அந்நாட்குறிப்பு நூலாக வெளிவரவில்லை.

தனியே நடந்ததாகப் பாடுவது கவிஞரின் உரிமை. அதனால் பாட்டின் பெருமை குன்றாது. ஆனால் வரலாறு எழுதுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. உடன் நடந்தவர்களின் பெயரையும் அவர்கள் எழுதியாக வேண்டும் அன்றோ?