ஜேசன் லெனார்ட்

ஜேசன் லெனார்ட் (பிறப்பு: ஆகஸ்ட் 14, 1968) இங்கிலாந்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரக்பி யூனியன் ஆட்டக்காரர் ஆவார். முன்வரிசையில் 'புராப்' எனப்படும் இடத்தில் ஆடிய இவர், 1990 முதல் 2004 வரை இங்கிலாந்துக்காக 114 பன்னாட்டு ஆட்டங்களில் பங்கேற்றார். 2003 உலகக்கிண்ணத்தை வென்ற அணியில் இடம்பெற்றிருந்தார்.

ஆட்டநிலை

ரக்பியில் இரு அணிகளின் முன்னணி வீரர்களும் எட்டெட்டுப் பேராகப் பிணைந்து, குனிந்து ஒருவரையொருவர் தள்ளும் கட்டமைப்பு 'ஸ்கிரம்' எனப்படும். அதன் முன்வரிசையில் இருப்போர் மூவர். நடுவில் நிற்பவரை இருபுறமும் தாங்குபவர்களே புராப்கள். அச்சொல்லுக்கு முட்டு என்பது பொருள். இடப்பக்கத்தவரின் தலை ஒருபுறம் எதிரணியின் பிடியின்றி இருக்கும். வலப்பக்கத்தவரின் தலையோ எதிரணியினர் இருவருக்கிடையே அகப்பட்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு திறன்களைக் கோருவதால் பெரும்பாலோர் ஒருபக்கத்தையே தேர்ந்துகொள்வர். லெனார்ட் இருபக்கமும் பன்னாட்டுத் தரத்தில் ஆடியவர். பார்வையாளர் கண்ணில் எளிதில் படாத உழைப்பு இது. 114 ஆட்டங்களில் இங்கிலாந்துக்காக இவர் எடுத்தது ஒரே ஒரு 'டிரை' மட்டுமே (அர்ஜென்டினாவுக்கு எதிராக, 1996).

தொடக்கமும் கழுத்துக் காயமும்

லண்டனின் கிழக்கிலுள்ள பார்க்கிங்கில் பிறந்த இவர் தச்சுத் தொழில் செய்தவர். 1995 வரை ரக்பி யூனியனில் ஊதியம் பெற்று ஆட அனுமதி இல்லை. பார்க்கிங், சாரசென்ஸ் கழகங்களுக்குப் பின் 1990 முதல் ஆர்லெக்குவின்ஸ் கழகத்துக்கு ஆடினார். 1990 சூலையில் புவெனஸ் ஐரிசில் அர்ஜென்டினாவுக்கு எதிராக முதன்முதலாக இங்கிலாந்து அணியில் இறங்கியபோது வயது 21.

1992இல் கழுத்தெலும்புகளுக்கிடையேயுள்ள வட்டு சிதைந்து கையின் வலிமை குன்றியது. இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டைக் கழுத்தில் பொருத்தி அறுவை செய்தனர். கழுத்தே மூலதனமான ஆட்டநிலையில் இது வாழ்வைக் குலைத்திருக்கக் கூடியது. எனினும் அடுத்த பருவத்திலேயே களத்திற்குத் திரும்பினார். இடையில் ஒரு பன்னாட்டு ஆட்டமும் தவறவில்லை.

உலகக்கிண்ணங்கள்

1991 இறுதியாட்டத்தில் இங்கிலாந்து 12-6 என ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. லெனார்ட் அதில் ஆடினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நவம்பர் 22, 2003 அன்று சிட்னியில் அதே எதிரணி. ஸ்கிரத்தில் இங்கிலாந்தை நடுவர் ஆன்ட்ரே வாட்சன் மீண்டும் மீண்டும் தண்டித்தார். அத்தகைய ஒரு தண்டனை உதையால்தான் ஆட்டம் 14-14 எனச் சமனாகி, கூடுதல் நேரத்திற்குச் சென்றது. பில் விக்கரிக்கு மாற்றாக 35 வயது லெனார்ட் அனுப்பப்பட்டார். ஸ்கிரத்தை மேலே எழுப்பவோ கீழே சரிக்கவோ மாட்டேன் என அவர் நடுவரிடம் உறுதி கூறினார். அதன்பின் ஸ்கிரம் இங்கிலாந்துக்குத் தொல்லையாக இருக்கவில்லை. ஜானி வில்கின்சனின் கடைசி நேர 'டிராப் கோல்' 20-17 என்ற வெற்றியைத் தந்தது. வெற்றி என்றதும் பலரும் நினைவுகூர்வது அந்த உதையை மட்டுமே.

சாதனையும் ஓய்வும்

அத்தொடரின் அரையிறுதியில் பிலிப் செல்லாவின் 111 ஆட்ட உலகச் சாதனையை லெனார்ட் கடந்தார். 2004இல் ஓய்வு பெற்றார். அவரது எண்ணிக்கையை 2005இல் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கிரேகனும், இங்கிலாந்தளவில் 2022இல் பென் யங்சும் முந்தினர். பிரித்தானிய, ஐரிய லயன்ஸ் அணிக்காக 1993, 1997, 2001 சுற்றுப்பயணங்களில் ஐந்து தேர்வு ஆட்டங்கள் ஆடியுள்ளார். 2015-16இல் இங்கிலாந்தின் ரக்பி கால்பந்து ஒன்றியத் தலைவராகப் பணியாற்றினார்.