கட்டுமானக் காலக் காப்பீடு

கட்டுமானக் காலக் காப்பீடு என்பது கட்டி முடியாத அல்லது மாற்றிக் கட்டப்படும் கட்டடத்திற்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் காப்பீடு ஆகும். 1666ஆம் ஆண்டு இலண்டன் பெருந்தீக்குப் பின் தோன்றிய தீக்காப்பீடு, கட்டி முடிந்த வீடுகளுக்கானது. நடந்துகொண்டிருக்கும் வேலைக்கான 'ஒப்பந்ததாரர் அனைத்து இடர்' காப்பீடு 1929இல்தான், தேம்சு ஆற்றின் லாம்பெத் பாலப் பணிக்காக முதன்முதலில் வழங்கப்பட்டது.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருக ரக்சா' என்னும் பொது வீட்டுக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு யாவும் அதில் அடங்கும். ஆனால் பலரும் படிக்காமல் விடுவது விலக்குப் பகுதியைத்தான். புதுக் கட்டடம் இயல்பாக அமிழ்வது, கொட்டி நிரப்பிய மண் நகர்வது, தோண்டுதல், கட்டுமானம், மாற்றியமைத்தல் ஆகியவற்றால் உண்டாகும் சரிவுக்கு இழப்பீடு கிடையாது.

சேர்வராயன் மலையில் நாகலூர் போன்ற ஊர்களுக்கு இவ்விலக்கு முக்கியமானது. மலைச்சரிவில் வீடு கட்ட, மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறத்தில் நிரப்பியே பெரும்பாலும் மனை சமன்செய்யப்படுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அத்தகைய மழையில் பாதி எழுந்த சுவர் விழுந்தால், காரணம் மழையா, தோண்டியதா என்ற கேள்வி எழும். ஒப்பந்ததாரர் காப்பீடு பணிக்காலம் முழுவதும் மழைச் சேதத்தையும், அடுத்த வீட்டுக்கு நேரும் சேதத்தையும் ஏற்கக்கூடியது; தவறான வடிவமைப்பைச் சரிசெய்யும் செலவை ஏற்பதில்லை. அதை அடித்தளம் தோண்டுமுன்பே எடுக்க வேண்டும்.