கொழுப்பு அமில உயிர்த்தொகுப்பு நொதிகளின் வகைப்பாடு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கொழுப்பு அமிலங்களைத் தொகுக்கும் நொதிகள் இரு முறைகளில் வகைப்படுத்தப்படுகின்றன. ஒன்று, நொதி நிகழ்த்தும் வினையை அடிப்படையாகக் கொண்டது. மற்றொன்று, நொதிகள் உயிரணுவில் அமைந்துள்ள முறையை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு முறைகளும் உருவான வரலாற்றையும், ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்தின் செயற்பாட்டை அறிவதில் அவற்றின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொழுப்பு அமிலம், நொதி, வகைப்பாடு, அசைல் சுமப்புப் புரதம், காசநோய், ஐசோனியாசிட்.

முன்னுரை

உயிரணுச் சவ்வின் ஆக்கத்திற்கும் ஆற்றல் சேமிப்பிற்கும் கொழுப்பு அமிலங்கள் இன்றியமையாதவை. அவற்றைத் தொகுக்கும் நொதிகளை வகைப்படுத்துவது பெயரிட்டு அடுக்கும் பணி மட்டுமன்று. எந்த நொதியைத் தடுத்தால் நோய்க்கிருமி மடியும், நோயாளிக்குத் தீங்கு நேராது என்னும் வினாவும் அதனோடு பிணைந்துள்ளது.

சிதைவின் மறுதலை என்னும் கருத்து

1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் நூப், பீனைல் தொகுதி இணைந்த கொழுப்பு அமிலங்களை நாய்களுக்கு அளித்து, அவற்றின் சிறுநீரில் வெளிப்பட்ட பொருள்களை ஆராய்ந்தார். கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கார்பன்களாகச் சிதைவதை அவ்வாய்வு காட்டியது. 1940களில் ரிட்டன்பெர்க்கும் கொன்ராட் பிளாக்கும் ஐசோடோப்பு அடையாளமிட்ட அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு, தொகுப்பிற்கும் இரு கார்பன் அலகே அடிப்படை என நிறுவினர். எனவே, தொகுப்பு என்பது சிதைவு வினைகளின் மறுதலையே என்ற கருத்து வலுப்பெற்றது.

இக்கருத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுகள் மாற்றின. அங்கு சாலிஹ் வாகில் முதலியோர் புறாவின் கல்லீரல் சாற்றில் தொகுப்பு வினையை நிகழ்த்தினர். வினைக்குப் பைகார்பனேட்டு தேவைப்பட்டது. ஆயினும் அதன் கார்பன் விளைபொருளில் காணப்படவில்லை. இப்புதிர் 1958இல் விடுபட்டது. பயோட்டின் கொண்ட நொதியொன்று, அசிட்டைல் துணைநொதி ஏ என்பதனோடு கார்பன் டைஆக்சைடை இணைத்து மலோனைல் துணைநொதி ஏ ஆக்குகிறது. மலோனைல் அலகு சங்கிலியில் சேரும்போது அதே கார்பன் டைஆக்சைடு வெளியேறிவிடுகிறது. தொகுப்பிற்குத் தனிப்பாதையும் தனி நொதிகளும் உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

வினைவழி வகைப்பாடு

பன்னாட்டு உயிர்வேதியியல் ஒன்றியம் 1956இல் நொதி ஆணையத்தை அமைத்தது. ஆணையத்தின் 1961ஆம் ஆண்டு அறிக்கை, நொதிகளை அவை நிகழ்த்தும் வினைக்கேற்ப ஆறு பெருவகுப்புகளாகப் பிரித்து எண்ணிட்டது. 2018இல் ஏழாம் வகுப்பு சேர்க்கப்பட்டது.

இம்முறையில் ஒரே பாதையின் நொதிகள் பல வகுப்புகளில் சிதறுகின்றன. அசிட்டைல் துணைநொதி ஏ கார்பாக்சிலேஸ் (6.4.1.2) இணைப்பு நொதிகளின் வகுப்பிலும், கீட்டோஅசைல் சிந்தேஸ் (2.3.1.41) தொகுதி மாற்று நொதிகளின் வகுப்பிலும், நீர்நீக்க நொதி (4.2.1.59) பிளப்பு நொதிகளின் வகுப்பிலும் இடம்பெறுகின்றன. கீட்டோஅசைல் ரிடக்டேஸ் (1.1.1.100), ஈனாயில் ரிடக்டேஸ் (1.3.1.9) ஆகியவை ஆக்சிஜனேற்ற ஒடுக்க வகுப்பைச் சார்ந்தவை. விலங்குகளின் முழுத் தொகுப்பு நொதிக்கோ 2.3.1.85 என்னும் ஒரே எண் வழங்கப்பட்டுள்ளது. நொதிகள் தனித்துள்ளனவா, பிணைந்துள்ளனவா என்பதை வினையை மட்டும் கொண்டு அறிய இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

அமைப்புவழி வகைப்பாடு

மியூனிக்கில் பியோடர் லினன் ஆராய்ந்த ஈஸ்ட்டில், தொகுப்பு நொதிகள் பிரிக்கவியலாத ஒரே கூட்டமைப்பாக இருந்தன. அமெரிக்காவில் ராய் வாகலோஸ் குழுவினர் ஆராய்ந்த எஷ்சரிச்சியா கோலை பாக்டீரியாவில் அவை தனித்தனிப் புரதங்களாக இருந்தன. வளரும் சங்கிலியை அசைல் சுமப்புப் புரதம் என்னும் சிறுபுரதம் தாங்கிச் சென்றது. முன்னது முதல் வகை எனவும் பின்னது இரண்டாம் வகை எனவும் பெயர்பெற்றன. விலங்குகளும் பூஞ்சைகளும் முதல் வகையையும், பாக்டீரியாக்களும் தாவரக் கணிகங்களும் இரண்டாம் வகையையும் சார்ந்தவை என்பது பொதுவிதியாயிற்று.

இவ்விதிக்கு விலக்கும் விரைவில் வெளிப்பட்டது. மைகோபாக்டீரியம் பிளை என்னும் பாக்டீரியாவில் முதல் வகைக் கூட்டமைப்பு உள்ளதைப் பிளாக் குழுவினர் 1969இல் வெளியிட்டனர். மைகோபாக்டீரியங்கள் இருவகைகளையும் உடையவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முதல் வகை புதிய சங்கிலிகளை ஆக்குகிறது. இரண்டாம் வகை அவற்றை நீட்டி, கிருமியின் சுவருக்குரிய மைகாலிக் அமிலங்களுக்கு வழிசெய்கிறது.

ஐசோனியாசிட்டும் அதன் இலக்கும்

ஐசோனியாசிட் 1952இல் மருத்துவப் பயன்பாட்டிற்கு வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், ஐசோனியாசிட்டையும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தையும் கொண்டு வீட்டிலேயே அளிக்கும் மருத்துவம் சானடோரிய மருத்துவத்திற்கு நிகரான பயன் தருவதை 1959இல் மெய்ப்பித்தது. அப்போது அம்மருந்து தாக்கும் நொதி எது என்பது அறியப்படவில்லை. மைகாலிக் அமில ஆக்கம் தடைபடுவதை 1970களின் ஆய்வுகள் காட்டின. 1994இல் ஐ.என்.எச்.ஏ என்னும் மரபணு இனங்காணப்பட்டது. அது உருவாக்கும் புரதம் இரண்டாம் வகை அமைப்பின் ஈனாயில் ரிடக்டேஸ் ஆகும். மருந்து பயன்பாட்டிற்கு வந்து 42 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் இலக்கு வகைப்பாட்டில் இடம்பெற்றது.

வினைவழிப் பெயரை மட்டும் நம்புவதன் இடரை மற்றொரு நிகழ்வு காட்டுகிறது. டிரைக்குளோசான் என்னும் கிருமிநாசினி, கோலை பாக்டீரியாவின் ஈனாயில் ரிடக்டேஸைத் தடுப்பதாக 1998இல் அறியப்பட்டது. ஆனால் நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கசில் அதே வினையை நிகழ்த்தும் வேறொரு புரதம் உள்ளது என்பதும், அதனை டிரைக்குளோசான் தடுப்பதில்லை என்பதும் 2000இல் வெளிப்பட்டன. அமைப்புவழிப் பிரிவும் முழுமையானதன்று. மனித மைட்டோகாண்டிரியாவிலும் இரண்டாம் வகை நொதிகள் உள்ளன.

முடிவுரை

வினைவழி வகைப்பாடு நொதி செய்வதைக் கூறுகிறது. அமைப்புவழி வகைப்பாடு அது எத்தகைய கூட்டமைப்பில் செயல்படுகிறது என்பதைக் கூறுகிறது. ஒரே வினையை வேறுபட்ட புரதங்கள் நிகழ்த்தலாம். ஒரே உயிரியில் இருவகை அமைப்புகளும் இருக்கலாம். ஆகவே, மருந்தின் இலக்கைத் தேர்வதற்கு இவ்விரு வகைப்பாடுகளோடு அந்தந்தக் கிருமியின் புரதக் கட்டமைப்பையும் இணைத்து நோக்குதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபாகும்.