பஸ்ராவின் சிவப்புப் புள்ளி சம்மாந்துறைக்கு வந்த வழி

அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் இலங்கையின் சம்மாந்துறைத் தெருக்களில், குர்ஆன் ஓதப் பழக்கும் ஓதப்பள்ளிகளின் சத்தம் எழும். "அலிபு சபர் அ, அலிபு சேர் இ, அலிபு பேஷ் உ, அ, இ, உ." பாயில் சம்மணமிட்ட பிள்ளை ஈர்க்கால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு இராகமாய்ச் சொல்லும். எழுத்துக்கு மேலே சாய்ந்த கோடு சபர். அதே கோடு கீழே வந்தால் சேர். மேலே சின்னச் சுழி பேஷ். மூன்றும் நெடுந்தூரம் வந்தவை.

ஆரம்பகால அரபு எழுத்தில் குறிலோசைக்குக் குறியே கிடையாது. மொழி தெரிந்தவர்கள் இடம் பார்த்து ஊகித்து வாசித்தார்கள். இஸ்லாம் அரபி பேசாத நாடுகளுக்குள் போனபோது அந்த ஊகம் போதவில்லை. 7ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ ஓர் எழுத்தரை முன்னால் உட்காரவைத்து ஓதினாராம். வாய் திறந்தால் எழுத்துக்கு மேலே புள்ளி, தாழ்ந்தால் கீழே, உதடு குவிந்தால் முன்னால். எழுத்து கறுப்பு மையில், புள்ளி சிவப்பில். ஓதுபவரின் வாயைப் பார்த்து ஒலிக்குக் குறி போட்டிருக்கிறார்கள்! இன்று ஆங்கில ஃபொனிக்ஸ் வகுப்பில் பிள்ளையின் கையில் கண்ணாடியைக் கொடுத்து உதட்டைப் பார்க்கச் சொல்வதும் இதே வேலைதான்.

அடுத்த நூற்றாண்டில், அதே பஸ்ராவில், கலீல் இப்னு அஹ்மத் அந்தப் புள்ளிகளைக் கோடாகவும் சுழியாகவும் மாற்றினார். சுழி என்பது குட்டி 'வாவ்' எழுத்து. இரண்டு மைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அரபிகள் இவற்றை ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்பார்கள். நம் ஓதப்பள்ளிகளில் பழகிய சபர், சேர், பேஷ் பாரசீகப் பெயர்கள். இந்தியா வழியாக வந்து சேர்ந்தவை. இப்போது பல இடங்களில் பிள்ளைகள் கையில் இருக்கும் நூரானிய்யா காயிதா என்ற ஆரம்பப் பாடநூலும் பஞ்சாபின் லூதியானாவைச் சேர்ந்த மௌலவி நூர் முஹம்மத் தொகுத்ததுதான்.

இந்த ஓதலை வெறும் கிளிப்பாடம் என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். "காஃப் சேர் கி, தே அலிபு சபர் தா, பே பேஷ் பு: கிதாபு." எழுத்தின் பெயர், குறியின் பெயர், இரண்டும் சேர்ந்த ஒலி, கடைசியில் சொல். எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு என்பதில்தான் பிள்ளைகள் முட்டி நிற்பார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் 'ஆனா, ஆவன்னா' சொல்லும்போதும் அதே சிக்கல்தான். இந்தக் கூட்டல் அதைத் தாண்ட வைக்கிறது. ஆனால் வேகம் குறைவு; ஒரு சொல்லுக்குள் போக இத்தனை படி. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அஸ்அத் ஹுமாம் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய 'இக்ரோ' என்ற 6 பாகப் புத்தகம் பெயர்களை ஒதுக்கிவிட்டு முதல் பக்கத்திலேயே நேரே ஒலியைச் சொல்ல வைத்தது. அந்த நாடெங்கும் பரவியது. தொடக்கத்துக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம். நெருங்கிய ஒலிகளைப் பிரித்தறிய வேண்டிய இடத்தில் பழைய கூட்டலை விட்டுவிடக் கூடாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்குவதும் பொருள் விளங்குவதும் ஒன்றையொன்று பெருக்கி வருவது என்று 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெருக்கல் என்பதால் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். அரபி தெரியாத நம் பிள்ளை பிசகில்லாமல் ஓதும். பொருள் கேட்டால் முழிக்கும். ஓதுவதன் நன்மை வேறு கணக்கு, அதை இங்கே இழுக்கவில்லை.

இதற்கு நம் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தார்கள்: அரபுத் தமிழ். எழுத்து அரபு, பேச்சு தமிழ். ட, ண, ள, ழ போன்றவற்றுக்கு இருக்கிற எழுத்திலேயே புள்ளி கூட்டினார்கள்; எ, ஒ ஓசைகளுக்கும் தனிக் குறி உண்டாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்களின் நூல்கள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. பள்ளிக்கூடப் படியே மிதிக்காத பெண்கள், ஓதப்பள்ளியில் படித்த சபர், சேரை வைத்துக்கொண்டு, தொழுகைச் சட்டமும் மாலைப் பாட்டும் வாசித்தார்கள். தமிழ் எழுத்து தெரியாதவர்கள் என்பதால் அந்த உம்மம்மாக்களைப் படிக்காதவர்கள் என்று குடிசனக் கணக்கு எழுதியிருக்கும்.

தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் அச்சுப் புத்தகங்களும் பெருகியபோது அரபுத் தமிழ் ஒதுங்கிற்று. அதற்காக அழ வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது பெரிய லாபம். ஆனாலும் காயிதாவை முடித்த பிள்ளைக்குக் கடைசியில் ஒரு பக்கம் அரபுத் தமிழ் வைத்துப் பார்க்கலாம். புதிதாகப் படிக்க வேண்டியது சில எழுத்துகளும் எ, ஒ குறிகளும்தான். அலிபில் தொடங்கி ஈர்க்கை நகர்த்திக்கொண்டே போகிற பிள்ளை, நடுவில் 'அம்மி' என்றோ 'ஆடு' என்றோ தன் வாயிலிருந்தே வரக் கேட்கும். ஒரு மாலைப் பொழுது போதும், செலவு ஒரு தாள்.