டகோட்டாவை அழிப்பதற்கு முன்

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பை நிறுவி நாலைந்து கிழமை போனதும், மென்பொருளோடு சேர்ந்து வந்த விமானங்களில் தாங்கள் தொடாதவற்றை ஒவ்வொன்றாகக் களையத் தொடங்குவார்கள். வன்தட்டில் இடம் போதாது என்பது ஒரு காரணம். விமானத்தைத் தெரிவுசெய்யும் பட்டியல் அனுமார் வால்போல நீள்வது இன்னொரு காரணம். மூன்றாவதைப் பலர் சொல்வதில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய நுணுக்கமான போயிங் ஒன்று வந்த பிறகு, கூடவே கிடைத்த போயிங் பொம்மைபோலத் தெரியும். அதை வைத்திருப்பதே கௌரவக் குறைவு.

நம் வீடுகளிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் கூரைக்கு மேலால் போகும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக வரும் ஆசைதான். அவர்கள் அழிக்கும் பட்டியலை ஒருமுறை நின்று வாசித்துப் பார்த்தால் அது விமானங்களின் பட்டியலாக மட்டும் இராது. நாம் இன்று வாடகை கொடுத்தும் வீட்டுக்கடன் கட்டியும் வாழும் லண்டன் தெருக்களின் பழைய கதை அதில் இருக்கிறது. பலாலியின் கதையும் ஓரத்தில் இருக்கிறது.

தொடக்கத்தில் அழிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. இல்லினோய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், விமானத்தின் அசைவைக் கணினித் திரையில் காட்டுவது பற்றி 1975 இல் ஆய்வேடு எழுதினார். 1977 இல் சப்லொஜிக் என்ற நிறுவனம் பிறந்தது. 1980 அளவில் அப்பிள் 2 கணினிக்கு அவருடைய முதல் சிமுலேட்டர் வெளியானது. கோடுகளால் வரைந்த சதுர வயல்கள், கோடுகளால் வரைந்த மலைகள், முதலாம் உலகப்போர்க் காலத்து சொப்வித் கேமலை ஒத்த ஒரே ஒரு விமானம். அதையும் அழித்தால் விளையாட்டே இல்லை. 1982 இல் மைக்ரோசொப்ட் ஐபிஎம் கணினிக்கு வெளியிட்டபோது செஸ்னா 182 வந்தது. பிறகு லியர்ஜெட், மிதவை விமானம், போயிங், ஹெலிகொப்டர் என்று பதிப்புக்குப் பதிப்பு கூடிக்கொண்டே போனது. நெகிழ்தட்டில் அடங்கியது 2003 இல் நாலு இறுவட்டுகளுக்கு வளர்ந்தது. 2006 இல் 14 ஜிகாபைட் கேட்டது. களையும் பழக்கம் அந்த வீக்கத்தோடு சேர்ந்து பிறந்ததுதான்.

கேமல் தற்செயலாக உள்ளே வந்ததல்ல. பறப்பதற்கு மிகச் சிக்கலானது என்றும் கையாளத் தெரிந்தவனுக்கு மிகக் கூர்மையானது என்றும் பெயரெடுத்த விமானம் அது. அதை வடிவமைத்த சொப்வித் நிறுவனம் 1912 இல் கிங்ஸ்டன் நகரில், கான்பரி பார்க் வீதியில், சில்லுச் சப்பாத்து அணிந்து சறுக்கும் பழைய மண்டபம் ஒன்றில் தொழிற்சாலை தொடங்கியது. கேமல் 1916 டிசம்பரில் புரூக்லண்ட்சில் முதலில் பறந்தது. 5,000 க்கும் மேல் கட்டப்பட்டன. நியூ மோல்டன், டொல்வேர்த் பக்கத்து நம்மவர்கள் சாமான் வாங்கக் கிங்ஸ்டனுக்குப் போகும்போது கடந்துபோகும் இடம் இது. 2003 பதிப்பில் கேமல் இல்லை. அதை நீக்கியவர் எந்தப் பாவனையாளரும் அல்லர், மைக்ரோசொப்ட் தான்.

அந்த 2003 பதிப்பு தனியாகப் பேசவேண்டியது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட ஒன்பது சரித்திர விமானங்களை அதில் சேர்த்திருந்தார்கள். அதிகமாகக் களையப்பட்டவையும் இவைதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவற்றில் தானியங்கிப் பறப்பு இல்லை, மணிக்கணக்காக இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை எங்கே!

ஒன்பதில் ஒன்று விக்கர்ஸ் விமி. 1919 நவம்பர் 12 அன்று றொஸ் ஸ்மித்தும் அவருடைய சகோதரர் கீத் ஸ்மித்தும் இரண்டு பொறியாளர்களோடு ஹவுன்ஸ்லோ ஹீத் திடலிலிருந்து ஒரு விமியில் கிளம்பினார்கள். கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா என்று இந்தியாவைக் குறுக்கே கடந்து டிசம்பர் 10 இல் டார்வினில் இறங்கினார்கள். இருபத்தெட்டு நாள், பரிசு 10,000 பவுண். அதே திடலிலிருந்துதான் அந்த ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பாரிசுக்கு நாளாந்த விமானசேவை தொடங்கியது. ஹவுன்ஸ்லோவில் கோயிலும் மளிகைக்கடையும் தேடிப்போகிறவர்கள் அந்தத் திடலை நாய் உலாத்தும் புல்வெளியாக மட்டுமே அறிவார்கள்.

இன்னொன்று டி ஹவிலண்ட் கொமெட், எண் 88. இரண்டு இயந்திரங்கள், ஒல்லி உடம்பு. 1934 ஒக்டோபரில் மில்டன்ஹோலிலிருந்து மெல்பேணுக்கு நடந்த பந்தயத்தில் மூன்று நாளுக்குள் போய்ச்சேர்ந்து வென்றது. வழியில் எல்லாரும் கட்டாயம் இறங்கவேண்டிய இடங்களில் அலகாபாத்தும் ஒன்று. இதைக் கட்டியது வடக்கு லண்டனில் எஜ்வெயரில், ஸ்டாக் லேனில் இருந்த தொழிற்சாலை. விமானத்திடலும் அங்கேயே இருந்தது; இப்போது அந்த நிலம் முழுக்க வீடுகள். ஸ்டாக் லேனில் கட்டிய வேறொரு விமான வகைக்கு நம்மோடு இன்னும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1932 ஒக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மொத் என்ற சிறு விமானத்தில். லண்டனிலிருந்து இம்பீரியல் எயார்வேஸ் கராச்சிவரை சேர்த்த தபால் அது. பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைவரை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். ஆக, லண்டனில் போட்ட கடிதம் லண்டனில் கட்டிய விமானத்தில் சென்னையில் இறங்கியது. அந்தப் பஸ் மொத்துக்கு 2003 பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. பந்தயத்தில் வென்றதற்கு இடம். தபால் சுமந்ததற்கு இல்லை.

இனி டகோட்டா. டக்ளஸ் டிசி-3 முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 இல். போருக்காக ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டபோது பிரித்தானிய விமானப்படை அதற்கு வைத்த பெயர் டகோட்டா. நம் ஊர்களில் நிலைத்ததும் அந்தப் பெயர்தான். போர் முடிந்ததும் மிஞ்சிய டகோட்டாக்கள் உலகமெங்கும் மலிவாகக் கிடைத்தன, புதிதாக விடுதலை பெறும் நாடுகளெல்லாம் அவற்றைக் கொண்டு விமானசேவை தொடங்கின. எயார் சிலோனும் அப்படித்தான். சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று மூன்று டிசி-3 கள். 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து எழும்பிய சீதாதேவி, காங்கேசன்துறை என்று அட்டவணையில் எழுதப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் சரியாக எட்டுக் கிழமை இருந்தது. ஒரு நாட்டின் தேசிய விமானசேவையினுடைய முதற் பறப்பு யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் வெளிநாடு போனது என்பதை இன்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பலாலி ஓடுபாதையைப் போர்க்காலத்தில் போட்டதும் பிரித்தானிய விமானப்படைதான்.

இரத்மலானையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அங்கிருந்து சென்னைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. டகோட்டாவின் வேகத்தில் ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணிநேரம். 2003 பதிப்பிலும் 2006 பதிப்பிலும் டிசி-3 கூடவே வந்த விமானம் என்பதால், எந்தக் காசும் செலவழிக்காமல் அம்மப்பா போன பாதையை அம்மப்பா போன விமானத்திலேயே ஒரு பிள்ளை ஹரோவிலிருந்து ஓட்டிப்பார்க்கலாம். புத்தளம் வாவி இடப்பக்கம் போகும், பிறகு மன்னார், பிறகு குடாநாட்டின் தட்டை நிலம். பட்டியலில் நம்முடைய பாதைக்குப் பொருந்தி வந்த விமானம் இது ஒன்றுதான். நம்மை நினைத்து யாரும் இதைச் சேர்க்கவில்லை. அமெரிக்காவின் பெருமைக்காகச் சேர்த்தது நமக்கும் உதவியது, அவ்வளவுதான்.

அந்தப் பாதையில் பிறகு பறந்தவற்றில் பல மைக்ரோசொப்டின் பெட்டிக்குள் வந்ததில்லை. டகோட்டாவுக்கு அடுத்து எயார் சிலோன் ஓட்டிய அவ்ரோ 748 பிரித்தானியத் தயாரிப்பு. இந்தியா கான்பூரில் அதே விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டியது. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1978 செப்டெம்பர் 7 அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற அவ்ரோ குண்டு வெடித்து எரிந்தது. உயிரிழப்பு இல்லை. அடுத்த ஆண்டு எயார் சிலோனே இல்லை. எயார் லங்கா வந்தது. 1990 இல் பலாலியைச் சுற்றியிருந்த கிராமங்களின் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள், ஓடுபாதை பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் நடுவே தனியார் நிறுவனங்கள் ஓட்டிய அன்டனோவ் 24 களில் ஒன்று 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பி மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பெரும்பாலானோர் தமிழர். புலிகளின் ஏவுகணை என்று கருதப்படுகிறது. அந்த விமானத்தைக் கணினித் திரையில் ஓட்டிப்பார்க்க நம்மில் யாருக்கும் மனம் வராது. ஆனாலும் எது பெட்டிக்குள் வருகிறது, எது வருவதில்லை என்ற கணக்கில் அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

தயாரித்தவர்களே நீக்கியவை வேறு உண்டு. 1999 இல் வந்த பதிப்பில் கொன்கோர்ட் இருந்தது. 2000 ஜூலையில் பாரிசில் ஒன்று விழுந்து நொறுங்கியது. அடுத்த பதிப்பில் கொன்கோர்ட் இல்லை. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயோர்க் இரட்டைக் கோபுரங்களை நகரக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அந்தப் பதிப்பை வெளியிட்டார்கள். பல ஆண்டுகளாக எல்லாரும் முதலில் கண்விழித்த ஓடுபாதை சிக்காகோவின் மெய்க்ஸ் பீல்ட். 2003 மார்ச்சில் நகரபிதா ரிச்சர்ட் டேலி இரவோடிரவாக அதைப் புல்டோசரால் கிழித்துப் போட்டார். 2006 பதிப்பில் கணினியிலும் அது போயிற்று.

சரி, அழிப்பது எப்படி, அழித்தால் என்ன ஆகும்? பழைய பதிப்புகளில் ஒவ்வொரு விமானமும் தனிக் கோப்புறையாக இருந்தது. அதை நீக்கினால் பட்டியலில் பெயர் மறையும். மறைவது அது மட்டும் அல்ல. விமானத்தின் ஒலி, விமானிக்கு முன்னால் உள்ள கருவிப்பலகை, உருவம் ஆகியவற்றை வேறு விமானங்கள் இரவல் வாங்கியிருக்கக்கூடும். இலவசமாகக் கிடைக்கும் எத்தனையோ விமானங்களில் ஒலிக் கோப்பு என்று ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு வரிதான் இருக்கும்: இன்ன விமானத்தின் கோப்புறையில் போய்க் கேட்டுக்கொள் என்று. அடுத்த வீட்டு அம்மியில் அரைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அடுத்த வீட்டை இடித்தவனுக்குத் தன் வீட்டில் ஏன் சம்பல் இல்லை என்று விளங்காது. விமானம் ஊமையாகப் பறக்கும்.

வர்ணப்பூச்சும் அப்படி. ஒரு டிசி-3 க்கு எயார் சிலோனின் வர்ணத்தைப் பூச விரும்புகிறவர் புதிதாகத் தருவது வெளித்தோலின் படங்களை மட்டுமே. உடம்பும் இயந்திரமும் கூடவே வந்த டிசி-3 தான். அதை அழித்தால் சீதாதேவிக்கு உடல் இல்லை. பெரிய விமானங்களை அழித்தால் இன்னொன்றும் நடக்கும். திரையில் ஹீத்ரோவில் வரிசையாக நிற்கும் மற்ற விமானங்கள், ஓர்பிட், பசிபிக்கா போன்ற கற்பனைப் பெயர்களோடு வருபவை, எல்லாம் அதே கோப்புறைகளிலிருந்து உருவம் எடுப்பவை. 747 ஐயும் 737 ஐயும் எயார்பசையும் துடைத்துவிட்டு வந்தால் ஹீத்ரோ பெருமளவு வெறிச்சோடிக் கிடக்கும். மென்பொருள் திறந்தவுடன் தானாக ஏறி உட்காரும் விமானத்தை அழித்தவர்களுக்கு விளையாட்டுத் திறக்கவே மறுக்கும். 2006 பதிப்பில் அது கொசுப்போன்ற ஒரு சிறு டிரைக். யாரும் ஓட்டுவதில்லை என்று முதலில் களையப்படுவதும் அதுதான்.

அதனால் அனுபவசாலிகள் அழிக்கமாட்டார்கள். கோப்புறையை அப்படியே தூக்கி வேறொரு தட்டில் வைத்துவிட்டு, ஒரு கிழமை ஓட்டிப்பார்த்து, ஒன்றும் கெடவில்லை என்றால் மட்டும் விட்டுவிடுவார்கள். டகோட்டா நூறு மெகாபைட்டைக்கூடத் தொடாது. ஒரு கலியாண வீட்டு வீடியோவுக்கு இதைவிடப் பலமடங்கு இடம் வேண்டும்.

2020 பதிப்பில் கதை மாறியது. ஐரோப்பாவில் பெட்டியாக வாங்கியவர்களுக்கு அது பத்துத் தட்டுகளில் வந்தது. டிசி-3 அதில் இல்லை. நாற்பதாம் ஆண்டு நிறைவுக்கென்று 2022 நவம்பரில் டிசி-3 ஐ இலவசமாகத் திருப்பித் தந்தார்கள், மெய்க்ஸ் பீல்டும் கூடவே திரும்பியது. 2024 நவம்பரில் வந்த பதிப்பிலோ விமானங்கள் பெரும்பாலும் நம் கணினியில் குடியிருப்பதே இல்லை. கேட்கும்போது நிறுவனத்தின் வழங்கியிலிருந்து இறங்குகின்றன. வன்தட்டில் இடம் மிச்சம். ஆனால் பழைய பதிப்பை இறுவட்டில் வைத்திருப்பவர் இருபது ஆண்டு கழித்தும் தன் டகோட்டாவைத் திருப்பி எடுக்கலாம். இறங்கி வரும் டகோட்டாவை வைத்திருப்பதா அழிப்பதா என்பது இனி றெட்மண்ட் நகரில் இருப்பவர்களின் முடிவு.

பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏடிஆர் 72 வந்து இறங்கியது. சில மாதங்களில் பெருந்தொற்றால் சேவை நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2020 பதிப்பில் ஏடிஆர் 72 கூடவே வரும் விமானம் அல்ல. 2023 ஏப்ரலிலிருந்து தனியாகக் காசு கொடுத்து வாங்கலாம்.