மணல் வடிகட்டி: கொக்குவில் கிணற்று நீருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உள்ள கொக்குவில், நெடுங்காலமாகக் கிணற்று நீரை நம்பி வாழும் ஊர். அங்கே மணல் வடிகட்டியைத் தெரிவுசெய்யுமுன், அது எதை நீக்கும் என்று கேட்பதே முறை. 1829இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்சன் அமைத்த மெதுவடிப்பு முறையில், மணிக்கு 0.1 முதல் 0.3 மீற்றர் வேகத்தில் இறங்கும் நீரின் கலங்கலையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் மணலும் அதன் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலமும் பிடித்துக்கொள்கின்றன. மணலை அடிக்கடி கழுவினால் அப்படலம் அழியும். ஓட்டம் தளரும்போது மேல்மணலைச் சுரண்டி எடுத்தாலே போதும். தெளிந்த நீர் நல்ல நீர்தானே என்பர். அது சரியன்று. கரைந்த உப்பும், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் கசியும் நைத்திரேற்றும் மணலில் தங்குவதில்லை. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வகுத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்குமுன் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள்.