புள்ளி இல்ல, வட்டம்: தொலைஞ்ச போனைத் தேடும் ரேடியோவின் கதை

இந்த எபிசோடு எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்குது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். பீர்க்கன்கரணையில எங்க தெருவுல தண்ணி வடிஞ்சு, சேறு மட்டும் மிச்சம். அம்மா பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்தாங்க. அப்போ கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறக்கல. தென்மாவட்டம் போற கூட்டம் எல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டுல பெருங்களத்தூர்லதான் நிக்கும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தா போன் இல்ல. அதுல இறந்துபோன பாட்டியோட வாய்ஸ் மெசேஜ் நாற்பது இருந்துச்சு. பேக்கப் எடுத்து வைக்கல. வீட்டுல ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் இருந்தும்!

உடனே லேப்டாப்புல தேடினேன். மேப்புல ஒரு பச்சைப் புள்ளி. கடைசியா இருபது நிமிஷம் முன்னாடி, எங்க வீட்டுல இருந்து மூணு தெரு தள்ளி. புள்ளி சரியா ஒரு வீட்டு மேல. அந்த வீட்டுல கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தாங்க. அப்பா, பக்கத்து வீட்டு மாமா, நான், கூட இன்னும் ரெண்டு பேர். கதவைத் தட்டினோம்.

மிச்சத்தைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று பார்த்துடலாம். அந்தக் கதை ஆரம்பிக்கிற இடமும் நம்ம ஏரியாதான்.

1802, ஏப்ரல் 10. பரங்கிமலை. வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, இரும்புச் சங்கிலி வைத்துத் தரையை அளக்க ஆரம்பிக்கிறார். பரங்கிமலை ஒரு முனை, பெரும்பாக்கம் மலை இன்னொரு முனை. நடுவில் சுமார் 12 கிலோமீட்டர். அளந்து முடிக்க 57 நாள் ஆனது. அந்த ஒரு கோட்டிலிருந்துதான் இந்தியத் துணைக்கண்டத்தை இமயமலை வரை அளந்த மாபெரும் முக்கோணவியல் அளவை தொடங்கியது.

லாஜிக் ரொம்ப எளிது. இரண்டு இடம் எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும். நடுவில் எவ்வளவு தூரம் என்றும் தெரியும. அங்கிருந்து மூன்றாவது இடம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று அளந்தால், நடந்து போகாமலே அது எங்கே என்று சொல்லிவிடலாம். கோணம் அளக்க லாம்ப்டன் பயன்படுத்திய தியோடலைட் கருவி அரை டன் எடை. 'டவரை வெச்சு போனைக் கண்டுபிடிச்சாங்க' என்று செய்தியில் படிக்கும்போது, அடியில் ஓடுவது இதே கணக்கின் பேரப்பிள்ளைதான். கண்ணுக்குப் பதிலா ரேடியோ அலை.

ரேடியோ எப்போ உள்ளே வந்தது? அதுக்கும் சென்னைக்கு ஒரு தொடர்பு இருக்கு. 'அவன் பெரிய எம்டன்'னு வீட்டுல பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. எதிரி வருவதற்குள் மாயமாகிவிட்டது.

எப்படி மாயமானது? ஒரு காரணம், அது அதிகம் பேசாது. காது மட்டும் கொடுக்கும். பிரிட்டிஷ் கப்பல்கள் வயர்லெஸ்ஸில் பேசுவதை ஒட்டுக்கேட்டு, சிக்னல் பலமாக இருந்தால் எதிரி பக்கத்தில், மெலிசாக இருந்தால் தூரத்தில் என்று கணக்குப் போடும். இன்றைக்கு உங்கள் போனில் வைஃபை கோடு கூடுவதையும் குறைவதையும் பார்த்து ரவுட்டர் எந்த ரூமில் என்று ஊகிக்கிறீர்களே, அதே வேலை.

எம்டனைக் காப்பாற்றிய கணக்கே கடைசியில் அதைக் கவிழ்த்தது. 1914 நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது எம்டன். அங்கிருந்த ஆபரேட்டர்கள் அவசர அழைப்பை அனுப்பிவிட்டார்கள். பதில் வந்த சிக்னல் மெலிசாக இருந்ததால், உதவிக்கு வரக்கூடிய கப்பல் ரொம்பத் தொலைவில் இருக்கிறது என்று எம்டன் நினைத்தது. ஆனால் சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் ஐம்பது சொச்சம் கடல் மைல் தூரத்தில்தான் இருந்தது. சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. அன்றைய சண்டையில் எம்டனில் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சிக்னல் பலம் தூரத்தை நேரடியாகச் சொல்வதில்லை. யார் பேசுகிறார், எவ்வளவு சக்தியில், நடுவில் என்ன இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்த முப்பது வருஷத்தில் திசை காட்டும் ஆன்டெனாக்கள் முன்னேறின. ராபர்ட் வாட்சன்-வாட் 1926 வாக்கில் ஒரு கருவி செய்தார். அவர் முதலில் தேடியது இடிமின்னலை. புயல் எங்கே இருக்கிறது என்று அறிய, மின்னல் கிளப்பும் ரேடியோ இரைச்சலின் திசையைப் பிடித்தார். இரண்டாம் உலகப்போரில் அதே நுட்பம் அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடியது. திருட்டுப் பொருளைத் தேடவும் இது வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1986-ல் லோஜாக் என்ற கருவி அறிமுகமானது. காருக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒளிந்திருக்கும். கார் திருடு போனால் மட்டும் அதை எழுப்புவார்கள். திசை காட்டும் ஆன்டெனா வைத்த போலீஸ் வண்டிகள் சிக்னலைத் துரத்தும்.

மொபைல் வந்த பிறகு தனியாக ஒளித்து வைக்க ஒன்றும் தேவைப்படவில்லை. போனே டிரான்ஸ்மிட்டர்தான். இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31. அந்த ஜி.எஸ்.எம். நெட்வொர்க்கில், போனின் சிக்னல் டவருக்கு எவ்வளவு தாமதமாக வருகிறது என்று டவர் அளந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் நேரத்தில் மோதும். அந்தத் தாமதத்தின் ஒரு படி 3.69 மைக்ரோ செகண்ட். போகவர தூரத்தை இரண்டால் வகுத்தால் சுமார் 550 மீட்டர். அதாவது டவருக்கு நீங்கள் 550 மீட்டர் அகல வளையத்துக்குள் எங்கேயோ இருக்கிறீர்கள். டவரின் ஒரு முகம் பொதுவாக 120 டிகிரி பார்க்கும். டவரிலிருந்து 1,100க்கும் 1,650 மீட்டருக்கும் நடுவில் இருக்கும் துண்டைக் கணக்குப் போட்டால் 1.6 சதுர கிலோமீட்டர் வருது. பீர்க்கன்கரணை ஏரியும் சுத்தி இருக்கிற தெருக்களும் சேர்ந்து அதுக்குள்ள அடங்கலாம். 4ஜி-யில் ஒரு படி 78 மீட்டர். நல்ல முன்னேற்றம்தான், ஆனா அதுவும் வளையம்தான்.

அப்போ மேப்புல வர்ற புள்ளி? அது பெரும்பாலும் ஜி.பி.எஸ்., டவர், சுற்றியிருக்கிற வைஃபை ரவுட்டர்கள் எல்லாம் கலந்த ஒரு ஊகம். வீட்டுக்குள்ள, பைக்குள்ள ஜி.பி.எஸ். சரியா கிடைக்காது. அப்போ எந்த ரவுட்டர் கேட்குதுன்னு பார்த்து, அந்த ரவுட்டர் எங்க இருக்குன்னு ஒரு பெரிய பட்டியல்ல தேடும். எம்டன் செஞ்சதேதான். அதனாலதான் புள்ளியைச் சுத்தி ஒரு வெளிர் வட்டம் இருக்கும். நான் அன்னிக்குப் புள்ளியை மட்டும் பார்த்தேன், வட்டத்தைப் பார்க்கல.

வட்டத்தின் ஆரம் 60 மீட்டர்னு வெச்சுக்கோங்க. பரப்பு சுமார் 11,300 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா ஐம்பது கிரவுண்டு. மாடி வீடு, அபார்ட்மென்ட், கடைன்னு அதுக்குள்ள எத்தனை கதவு இருக்கும்? நாங்க தட்டினது ஒரே ஒரு கதவை. ஏன் அந்தக் கதவு? புள்ளி அங்க இருந்ததால மட்டுமா? அதே புள்ளி எதிர்வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் வீட்டு மேல விழுந்திருந்தா, அஞ்சு பேர் போய் நின்னிருப்போமா? மாட்டோம்.

இது எங்க தெருவில் மட்டும் நடக்கும் தவறு இல்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்வர் நகரில், திருடு போன ஒரு வண்டியில் இருந்த ஐபோனின் வட்டத்தை நம்பி, ஆயுதப் போலீஸ் 77 வயது மூதாட்டி ஒருவர் வீட்டைச் சோதனை போட்டது. வட்டம் பல வீடுகளைத் தொட்டது. அவர் வீட்டில் ஒன்றும் இல்லை. 2024-ல் ஜூரி அவருக்கு 37.6 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது.

சரி, வட்டம் வேணாம்னா வேற என்ன வழி? 'எங்கே' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எது' என்று கேட்பது. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. எந்த சிம் போட்டாலும், டவரில் பதிவு ஆகும்போது நெட்வொர்க் அந்த எண்ணைக் கேட்டு வாங்க முடியும். இந்தியாவில் ஒரு காலத்தில் இந்த எண்ணே இல்லாத மலிவு இறக்குமதி போன்கள் குவிந்து கிடந்தன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி கூடியது. 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு எண் இல்லாத போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்க தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. 2017-ல் இந்த எண்ணைத் திருத்துவதைத் தடுக்கும் விதிகள் வந்தன. 2019-ல் மும்பையிலும் டெல்லியிலும் சி.இ.ஐ.ஆர். என்ற மையப் பதிவேடு தொடங்கி, 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளம் வழியாக நாடு முழுக்க வந்தது. புகார் நகலோடு பதிந்தால் எல்லா நெட்வொர்க்கிலும் போன் முடங்கும். யாராவது சிம் போட்டால் தகவல் போலீஸுக்குப் போகும். ஐ.எம்.இ.ஐ.-யையே மாற்றிவிட்டால் இதுவும் பலிக்காது. ஆனா ஒண்ணு, இதுல கதவைத் தட்டும் வேலை நமக்கு இல்ல.

இப்போ மிச்சக் கதை. அந்தக் கதவைத் திறந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். நாங்க ஏதோ கத்தினோம். அவன் உள்ள போய் நாலு பேர் போனையும் எடுத்துட்டு வந்து பாய் மேல வரிசையா வெச்சான். 'பாத்துக்கோங்க அண்ணா'ன்னு அரைகுறைத் தமிழ்ல சொன்னான். நாலும் அம்மா போன் இல்ல. மாமா அதுக்கு மேலயும் உள்ள போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாரு. நான் தடுக்கல.

மறுநாள் ஸ்டேஷன்ல புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, ஐ.எம்.இ.ஐ.-யைப் பதிஞ்சேன். அஞ்சு மாசம் கழிச்சு மெசேஜ் வந்துச்சு. போன் விழுப்புரம் பக்கம் ஒருத்தர் கையில இருந்துது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்காரு. எடுத்தவன் எங்க தெருப்பக்கம் நடந்து, ஆஃப் பண்ணிட்டு, பெருங்களத்தூர்ல பஸ் ஏறியிருக்கலாம். போன் திரும்பி வந்துச்சு. எல்லாம் அழிச்சிருந்தாங்க. பாட்டி குரல் போயிடுச்சு.

அப்பா ஒரு கிலோ மைசூர்பாக்கு வாங்கிட்டு அந்த வீட்டுக்குப் போனாரு. வீடு பூட்டியிருந்துச்சு. கட்டட வேலை முடிஞ்சு அவங்க கிளம்பிட்டாங்களாம். எந்த ஊருன்னு வீட்டு ஓனருக்கே தெரியல. மைசூர்பாக்கை நாங்களே சாப்பிட்டோம்.

நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. இப்பவே *#06# அழுத்தி வர்ற எண்ணை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, போன்ல இல்ல. அப்புறம், எப்பவாவது மேப்புல புள்ளி வந்தா, முதல்ல வட்டத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. அதோட கிளம்பி அந்த வீட்டுக்குப் போகாதீங்க, ஸ்டேஷனுக்குப் போங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.